பிரிச்சு மேயலாம் வாங்க!

உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். உங்க அம்மா கடைசியா எப்போ பேரம் பேசினாங்க? நேத்து சாயந்திரம்தானே! 'கட்டு இருபது ரூபாயா? பதினஞ்சுக்குத் தர்றதுன்னா வெச்சுட்டுப் போங்க'ன்னு கீரைக்காரம்மாகிட்ட மல்லுக்கு நின்னிருப்பாங்க. அப்பா மட்டும் என்ன... ஒப்பணக்கார வீதியில ஒரு வேட்டி எடுக்க நாலு கடை ஏறி இறங்குற ஆளு!

சரி, அதே அப்பா அம்மாவை ஒரு கார் ஷோரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒருத்தர். ஜில்லுனு ஏ.சி. கையில டேப்லெட்டோட 'வாங்க சார், காபியா டீயா?'ன்னு ஒரு அண்ணன். அவ்வளவுதான். அஞ்சு ரூபாய்க்குப் போராடின அந்த ரெண்டு பேரும் பத்து லட்சத்துக்கு முன்னால கப்சிப். 'கம்பெனி ரேட்டுங்க... அதுல போய் என்னத்தப் பேசறது?'ம்பாங்க.

எங்க வீட்டுலயும் அதேதான் நடந்துச்சு. 2024-ல எங்க அப்பா ரிட்டையர் ஆனார். வாழ்க்கை முழுக்க டூவீலர்ல முன்னாடி என்னையும் பின்னாடி அம்மாவையும் வெச்சு ஓட்டின மனுஷன், வந்த பணத்துல முதல்முறையா ஒரு கார் வாங்கினார். ஷோரூம் பேர் வேண்டாம், விடுங்க. ஒரு மணி நேரத்துல கையெழுத்துப் போட்டு, ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வந்துட்டோம். ரொம்ப நாள் கழிச்சு பீரோவைக் குடையும்போதுதான் அந்தக் கொட்டேஷன் பேப்பர் கைக்கு வந்தது. நிதானமாப் படிச்சேன். வயிறு எரிஞ்சுது!

அந்தப் பேப்பரை மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுத்தான் இன்னிக்கு உங்களை அவிநாசி ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கோயமுத்தூர்ல மில்லு, காலேஜு, ஆஸ்பத்திரின்னு எல்லாம் வரிசை கட்டி நிக்கிற ரோடு. கார் ஷோரூமும்தான். உப்பிலிபாளையத்துலேர்ந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்தாச்சு. 2025 அக்டோபர் 9-ம் தேதி ஜி.டி.நாயுடு பேர்ல திறந்தாங்க. மேல ஏறினா சல்லுனு போயிடலாம். ஆனா, நாம கீழயே போவோம். ஷோரூமெல்லாம் கீழதானே இருக்கு!

ஸ்டாப் 1: நாயுடு வீட்டுப் பாடம்

லட்சுமி மில்ஸ் வர்றதுக்கு முன்னாடியே, ஜி.டி.நாயுடு பேர் சொல்ற வளாகத்துல ஒரு கார் மியூசியம் இருக்கு. ஜி.டி. கார் மியூசியம். ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னால இங்கே ஒரு எட்டுப் போயிட்டுப் போங்க. பழைய காருங்க பளபளன்னு வரிசையா நிக்கும். ஒரு விற்பனையாளரும் பின்னாலயே வரமாட்டார். நிம்மதியாக் காரைப் பார்க்கிறதுன்னா என்னன்னு இங்கேதான் தெரியும்.

நாயுடு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் பைக்கைப் பார்த்து மயங்கினவர். கோயமுத்தூர் ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்து, காசு சேர்த்து, அதை வாங்கியே தீர்ந்தார். வாங்கினதும் என்ன பண்ணினார் தெரியுமா? பார்ட் பார்ட்டாக் கழட்டிப் போட்டு, ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குன்னு பார்த்துத் திரும்ப மாட்டினார். அப்படி ஆரம்பிச்சவர்தான் 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டார்.

கார் வாங்கப் போற உங்களுக்கும் இதுதான் ஃபார்முலா. காரைப் பிரிக்க வேண்டாம் பாஸ்... விலையைப் பிரிங்க!

ஸ்டாப் 2: காபி வரும், கொட்டேஷனும் வரும்

லட்சுமி மில்ஸ் தாண்டியாச்சு. இப்போ நிஜமாவே ஒரு ஷோரூமுக்குள்ள போறோம். காபி வரும், குடிங்க. டெஸ்ட் டிரைவ் வரும், ஓட்டுங்க. கடைசியில 'சார், ஆன்-ரோடு இவ்வளவு வருதுங்க'ன்னு ஒரே ஒரு நம்பரைச் சொல்வாங்க. அந்த ஒத்தை நம்பரோட மட்டும் சண்டை போடாதீங்க. 'பிரேக்-அப் குடுங்கண்ணா'ன்னு கேளுங்க.

இதோ, எங்க அப்பாவோட பேப்பர். கணக்குக்கு வசதியா எண்களை ரவுண்டு பண்ணியிருக்கேன்.

எக்ஸ்-ஷோரூம் விலை: 8,00,000
சாலை வரி: 1,04,000
பதிவுக் கட்டணம், ஸ்மார்ட் கார்டு: 800
இன்ஷூரன்ஸ்: 44,000
எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி: 15,000
ஆக்சஸரீஸ் கிட்: 24,000
டெஃப்லான் கோட்டிங்: 6,000
ஹேண்ட்லிங் சார்ஜ்: 7,500
ஃபாஸ்டேக்: 600
மொத்தம்: 10,01,900

எட்டு லட்ச ரூபா கார், பத்து லட்சமா வீட்டுக்கு வந்த கதை இதுதான்!

இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, சர்க்காருக்குப் போறது. அதுல பேரம் கிடையாது. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல மாத்தின ஆயுள் வரிப்படி, புது கார் 5 லட்சம் வரைக்கும் 12%, அதுக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13%, 20 லட்சம் வரைக்கும் 18%, அதுக்கும் மேல 20%. எட்டு லட்சத்துக்கு 13% போட்டா 1,04,000. சரியா வருதா? அது நியாயமான வரி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கு, பார்த்துக் கால் வைங்க. 9.9 லட்ச ரூபா மாடலுக்கு 13% வரின்னா 1,28,700. 'இன்னும் இருபதாயிரம் போட்டா டாப் மாடல் சார்'னு சொல்றதைக் கேட்டு 10.1 லட்சத்துக்குத் தாண்டினீங்கன்னா, வரி 18%. அதாவது 1,81,800. இருபதாயிரத்துக்கு ஆசைப்பட்டு வரியில மட்டும் 53,100 ரூபா கூடுதல்! போதாக்குறைக்கு பத்து லட்சத்தைத் தாண்டினா 1% டி.சி.எஸ். வேற பிடிப்பாங்க. அது வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கக்கூடியது, போன பணமில்லை. ஆனா, அன்னிக்கு எண்ணி வெச்சாகணும்.

ஜி.எஸ்.டி. கதையும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன கார்களுக்கு 18% ஆக்கினாங்க. நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல்னா 1200 சி.சி., டீசல்னா 1500 சி.சி.க்குள்ள இருந்தா சின்ன கார். பெரிய கார்னா 40%. எலெக்ட்ரிக்னா 5%. வரி குறைஞ்சதால விலை குறைஞ்சதை, 'உங்களுக்காக நாங்க குறைச்சோம்'னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு, 'அது சர்க்கார் குடுத்ததுங்கண்ணா. நீங்க என்ன குடுக்கறீங்க?'ன்னு கேளுங்க.

ஸ்டாப் 3: பீளமேட்டு டீக்கடை

இப்போ ரெண்டாவது வகை. சர்க்காருக்குப் போகாத வரிகள். இதுலதான் விளையாட்டே! உடனே பதில் சொல்லிடாதீங்க. 'வீட்டுல கலந்துக்கிட்டு வர்றோங்க'ன்னு எழுந்து வெளியே வாங்க. பீளமேட்டுல காலேஜ் பசங்க நிக்கிற ஏதாச்சும் ஒரு டீக்கடை. போனை எடுங்க, கால்குலேட்டரைத் திறங்க.

இன்ஷூரன்ஸ்: புது காருக்கு 3 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். 2018 செப்டம்பர்லேர்ந்து இதுதான் சட்டம். அந்தப் பகுதிக்கு விலை நிர்ணயிச்சது. எங்கே எடுத்தாலும் ஒண்ணுதான். நம்ம வண்டிக்கு அடிபட்டா காசு தர்ற 'ஓன் டேமேஜ்' பகுதியிலதான் ஆளுக்கொரு விலை. ஷோரூம்ல சொல்ற கம்பெனியிலதான் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. நீங்களே நாலு இடத்துல விலை கேளுங்க. ஒண்ணே ஒண்ணு... ஐ.டி.வி.ன்னு சொல்ற வண்டி மதிப்பும், கூடுதல் கவர்களும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. மதிப்பைக் குறைச்சு பிரீமியத்தைக் குறைக்கிறது பேரம் இல்லை, ஏமாளித்தனம். அப்பா காருக்கு அதே மதிப்பு, அதே கவரோட வெளியே 31,000-க்கே கிடைச்சிருக்கும். மிச்சம் 13,000.

ஆக்சஸரீஸ் கிட்: குரோம் பட்டை, டோர் வைசர், சீட் கவர், அது இதுன்னு 24,000. நிஜமா வேணுங்கறது மேட்டும் மட்-ஃபிளாப்பும்தான். அதுக்கு 4,000 ஆகும். மிச்சம் 20,000. 'கிட் எடுத்தாத்தான் சீக்கிரம் டெலிவரி'ன்னு சொன்னா, அதை மெயில்ல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டாங்க!

டெஃப்லான் கோட்டிங்: பெயின்ட்டைக் காப்பாத்துமாம். ஃபேக்டரியிலேர்ந்து நேத்துதான் வந்த பெயின்ட்டு, இன்னிக்கே என்ன ஆபத்துங்க அதுக்கு? மிச்சம் 6,000.

ஹேண்ட்லிங் சார்ஜ்: இதுதான் ஹைலைட். 'இது எதுக்குங்கண்ணா?'ன்னு கேட்டுப் பாருங்க.

'யார்டுலேர்ந்து வண்டியைக் கொண்டுவர்றதுக்குங்க தம்பி.'

'கொண்டு வந்தாத்தானுங்கண்ணா நீங்க விக்கவே முடியும்?'

சர்க்கார் போடுற பட்டியல்ல இப்படி ஒரு கட்டணமே கிடையாது. கேட்டவங்களுக்குப் பெரும்பாலும் போயிடும். கேக்காதவங்களுக்கு 7,500. இதே மாதிரி நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசு கேட்டாலும் நில்லுங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டிகளுக்கு, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே தரணும். விலைக்குள்ளயே வந்தாச்சு.

கூட்டிட்டீங்களா? 13,000 + 20,000 + 6,000 + 7,500. மொத்தம் 46,500 ரூபா! காரோட விலையில ஒத்தை ரூபா குறைங்கன்னு இன்னும் நாம வாயே திறக்கலை. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டியைக்கூடத் தொடலை.

எங்க அப்பாவோட பல மாச பென்ஷன்ல துண்டு விழுந்த கணக்கு இது. டீ ஆறிடுச்சா? எனக்கும் அப்படித்தான் ஆச்சு.

ஸ்டாப் 4: ஹோப் காலேஜ் இருக்கு... காலேஜ் எங்கே?

பீளமேடு தாண்டினா 'ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ்'னு கண்டக்டர் கத்துவார். இறங்கித் தேடினா அந்தப் பேர்ல ஒரு காலேஜும் இருக்காது. 1945-ல ஜி.டி.நாயுடு முயற்சியில ஆர்தர் ஹோப் பேர்ல ஆரம்பிச்ச காலேஜ், பின்னாடி ஜி.சி.டி. ஆகி தடாகம் ரோட்டுல இருக்கு. பேர் மட்டும் பஸ் ஸ்டாப்ல தங்கிடுச்சு.

கார் லோனும் இதே மாதிரிதான் மச்சி. பேர் ஒண்ணு இருக்கும், உள்ளே இருக்கிறது வேற. '6% வட்டிதாங்க'ம்பாங்க. 'ஃபிளாட்டா, ரெடியூசிங்கா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 5 லட்சம், 5 வருஷம், ஃபிளாட் 6%-ன்னா வட்டி மட்டும் 1,50,000. நீங்க கட்டக் கட்ட அசல் குறைஞ்சாலும், வட்டி முழு 5 லட்சத்துக்கும் ஓடிட்டே இருக்கும். அதே கடன் ரெடியூசிங் 9.5%-ன்னா வட்டி சுமார் 1,30,000-தான். ஆறு பெருசா, ஒன்பதரை பெருசா? இங்கே ஆறுதான் பெருசு!

இன்னொரு மாய வார்த்தை, 'மாசம் வெறும் 640 ரூபாதான் சார் கூடும்!' அறுபது மாசத்தால பெருக்குங்க. 38,400. மாசக் கணக்குல பேசவே பேசாதீங்க. முதல்ல காரோட மொத்த விலையை முடிங்க. அதுக்கப்புறம்தான் கடன் பேச்சு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா ஒரு பக்கம் குறைச்சதை இன்னொரு பக்கம் ஏத்திடுவாங்க.

ஸ்டாப் 5: ஆடிக்கு ஒரு வணக்கம்

இப்பத்தான் காரோட விலைக்கு வர்றோம். இங்கே வாய்ச் சாமர்த்தியத்தைவிட காலண்டர்தான் பெரிய ஆயுதம். ஷோரூமுக்கு மாசா மாசம் இவ்வளவு வண்டி விக்கணும்னு டார்கெட் உண்டு. மாசக் கடைசி நாலைஞ்சு நாள்ல ஒரு வண்டி குறைஞ்சா மேனேஜர் தானா இறங்கி வருவார்.

அதைவிடப் பெரிய சான்ஸ் நம்ம ஊர்ல இருக்கு. ஆடி! 'ஆடியில வண்டி எடுக்கக் கூடாது'ன்னு பாட்டி சொல்றதை ஊரே கேக்குறதால ஷோரூம் காத்து வாங்கும். அப்போ போய் உக்காருங்க. பாட்டியையும் சமாதானப்படுத்தலாம்: விலையை ஆடியில பேசி முடிச்சு, ஆவணி முதல் நாள் வண்டியை எடுங்க. ஆனா, 'எந்தத் தேதியில பில் போட்டா இந்த ஆஃபர்?'னு எழுத்துல வாங்கிக்கணும். டிசம்பரும் அப்படித்தான். மார்கழி ஒரு பக்கம், வருஷம் முடியுதேங்கிற பயம் ஒரு பக்கம். ஜனவரி பொறந்தா அந்த ஸ்டாக் 'போன வருஷ வண்டி' ஆயிடும். ஆனா, நீங்க விக்கும்போதும் அது ஒரு வயசு கூடின வண்டிதான். அதுக்கேத்த தள்ளுபடி வந்தாத்தான் வாங்கணும். எப்பப் போகக் கூடாதுன்னா, ஆயுத பூஜை வாரம். அன்னிக்கு உங்களுக்கு காபிகூட வராது!

அப்புறம் எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி, அரசு ஊழியருக்கான சலுகைன்னு கம்பெனியே வெச்சிருக்கும். அவங்களாச் சொல்ல மாட்டாங்க. 'அம்மா டீச்சருங்க, அதுக்கு ஏதும் இருக்குங்களா?'ன்னு கேளுங்க.

ஸ்டாப் 6: எழுந்து வர்ற தைரியம்

சிட்ரா தாண்டி கோல்டுவின்ஸ் பக்கம் வந்தாச்சு. உங்க கையில ஒரு கொட்டேஷன் இருக்கு. அதே கம்பெனிக்கு ஊருக்குள்ள இன்னொரு டீலர் இருந்தா அங்கேயும் ஒண்ணு வாங்குங்க. கார் ஒண்ணுதான், வாரன்ட்டி ஒண்ணுதான். அந்தப் பேப்பரை இங்கேயும் இந்தப் பேப்பரை அங்கேயும் காட்டுங்க. பொய் சொல்ல வேண்டாம், அளந்து விட வேண்டாம். பேப்பரே பேசும். 'இதுதாங்க எங்க பட்ஜெட். முடிஞ்சா போன் பண்ணுங்கண்ணா'ன்னு எழுந்து வாங்க. அந்த அரை நிமிஷம்தான் கஷ்டம். காபி குடிச்சுட்டோமேன்னு கூச்சமா இருக்கும். பத்து லட்சத்துக்கும் ஒரு காபிக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?

ஒரு விஷயம் மறக்காதீங்க. எதிர்ல உக்காந்திருக்கிற அந்த அண்ணன் உங்க காலேஜ் சீனியராவே இருக்கலாம். இன்ஜினீயரிங் முடிச்சுட்டு, இன்சென்டிவை நம்பி நிக்கிறவர். அந்த கிட்டும் இன்ஷூரன்ஸும் அவருக்கும் ஒரு டார்கெட். அவரை மட்டம் தட்டி ஜெயிக்கிறது பெருமை இல்லை. குரலை உயர்த்த வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் நேரா பேனாவை வெச்சு, 'இது எதுக்குங்கண்ணா?' போதும். சண்டை பேப்பரோட, மனுஷனோட இல்லை.

டெலிவரி அன்னிக்கும் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைங்க. ஃபார்ம் 21-ங்கிற விற்பனைச் சான்றிதழ்ல வண்டி தயாரான மாசம், வருஷம் இருக்கும். பாருங்க. டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2325-ன்னா 2025-ம் வருஷத்தோட 23-வது வாரம். மாலை போட்டு போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. ஸ்வீட் பாக்ஸ் கைக்கு வந்துட்டா எல்லாம் அழகாத்தான் தெரியும்!

திரும்புற வழியில...

போன ஆடியில எங்க சித்தப்பா கார் எடுத்தார். நான் கூடவே போனேன். அவரும் 'கம்பெனி ரேட்டுடா'ன்னுதான் ஆரம்பிச்சார். ரெண்டு ஷோரூம், மூணு நடை. காரோட விலையில குறைஞ்சது 15,000. பேப்பர்ல பேனாவால அடிச்ச வரிகள் 38,000. ஆவணி ஒண்ணாம் தேதி வண்டியை எடுத்துட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தார். சித்தப்பா பெருமை தாங்காம நான் பேசின கதையையெல்லாம் அப்பாகிட்ட அளந்துட்டிருந்தார். அப்பா சிரிச்சுக்கிட்டே கேட்டார். எல்லாம் முடிஞ்சதும் என்னைப் பார்த்து சாதாரணமா ஒரு கேள்வி.

'ஏன்டா, நான் வாங்கறப்ப நீ எங்கே போயிருந்தே?'

எங்கேயும் போகலை. அவருக்குப் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். காபி குடிச்சுட்டு போன் பார்த்துட்டிருந்தேன்.

உங்க வீட்டுல கார் பேச்சு ஆரம்பிச்சாச்சா? அந்தப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான். போனை பாக்கெட்டுல போடுங்க. பேனாவை எடுங்க.